பழைய ஃபார்ச்சூனருக்கு எந்த பிரேக் பேட்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 2009 மாடல் டொயோட்டா ஃபார்ச்சூனர், 3.0 டி-4டி டீசல் எஞ்சின், மேனுவல் கியர். முன் சக்கரங்களுக்கு ஃபெரோடோ பிரீமியர் பேட் போட்டிருக்கிறோம். புரட்டாசி முடிந்து கல்யாண சீசன் தொடங்குவதற்கு முன்னால் மாட்டியது. தைப்பூசமும் தாண்டியாயிற்று. பாரம் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும் பழைய வண்டிக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஊருக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் மளிகை வாங்கவும் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வேறு பேட் பொருந்தும். அதையும் கீழே சொல்கிறேன்.

எந்த பேட் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வண்டி, எவ்வளவு பாரம், எந்த ரோடு என்று தெரிய வேண்டும். அதனால் எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில், நார்த்டேலில் இருந்து கேட்டரிங் செய்கிறோம். நான் திண்டுக்கல்லில் பிறந்தவள், வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது. வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். ஆர்டரில் பாதிக்கு மேல் டர்பனிலிருந்து வரும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள், கோயில் விசேஷங்கள். வண்டிக்குள் பிரியாணி அண்டா, அதற்குப் பக்கத்தில் பருப்பு அண்டா. இந்த ஊரில் பருப்பு இல்லாமல் பிரியாணி பரிமாறினால் பந்தியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பின்னால் ட்ரெயிலரில் கேஸ் சிலிண்டர், அடுப்பு, தட்டு, கரண்டி எல்லாம்.

மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டர்பன் கடற்கரை ஊர். நடுவில் என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆக, பாத்திரம் நிறைந்திருக்கும்போது எங்களுக்கு இறக்கம், காலியாகத் திரும்பும்போது ஏற்றம். பிரேக்குக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. எங்கள் ட்ரெயிலர் 750 கிலோவுக்கு உட்பட்டது. அந்த அளவு ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று இங்கே சட்டம் கேட்பதில்லை. அதன் பாரத்தையும் வண்டியின் பிரேக்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

என் மகன் இதைக் கணக்குப் போட்டே காட்டினான். வண்டி, ஆட்கள், சாப்பாடு, ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்து 2,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 2.7 மெகாஜூல் சக்தி எங்காவது போக வேண்டும். முழுக்க பிரேக்கே வாங்கினால், 8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், சரி. ஆனால் கியரைக் குறைக்காமல் பெடலை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் அந்தச் சூட்டை நான்கு சிறிய பேடுகளின் தலையில் கட்டுகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் இருக்கிறது. 2013 செப்டம்பர் 5 அன்று அந்தச் சரிவில் கட்டுப்பாடு இழந்து இறங்கிய ஒரு லாரி, கீழே ரோபோ (டிராஃபிக் சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) இருக்கும் சந்திப்பில் மினிபஸ் டாக்ஸிகள் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். இந்த மாகாணத்தில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் அது மறக்காது. லாரியின் பிரேக் வேறு, நம்முடைய பிரேக் வேறுதான். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பிரேக்கில் காசு மிச்சம் பிடிப்பது எவ்வளவு தவறு என்று மனதில் ஓடும்.

இனி பழைய பேடின் கதை. இந்த வண்டியை இசிப்பிங்கோ பீச்சில் இருந்த ஒருவரிடம் வாங்கினோம். ஃபார்ச்சூனர் செய்யப்படும் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலை அதற்குப் பக்கத்தில்தான். பிறந்த இடத்திலேயே வளர்ந்த வண்டி என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார். வாங்கும்போதே பேட் தடிமனாக இருந்தது, ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையும் தேறியது. ஆனால் பாரத்தோடு என்3 நெடுஞ்சாலையின் கீ ரிட்ஜ் சரிவில் இறங்கியபோது கருகல் வாடை வந்தது. பெடல் கல் மாதிரி இறுகி நிற்கிறது, வண்டியோ சொன்ன பேச்சு கேட்கவில்லை. மூன்றாவது கியருக்கு வந்து, இடது ஓரமாகவே மெதுவாக இறக்கிக் கொண்டுவந்தேன்.

இதில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சு போல அமுங்கி அடிவரை போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எங்களுடையது முதல் வகை.

மவுண்டன் ரைஸில் வீட்டோடு கராஜ் வைத்திருக்கும் அங்கிளிடம் கொண்டுபோனோம். சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் இரண்டு பின்னையும் தட்டி எடுத்து, பேடை உருவி என் கையில் கொடுத்தார். உரசும் பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தது. விரல் நகத்தால் கீறினால் வழுக்குகிறது. விளிம்பில் மயிரிழை விரிசல்கள். பின்பக்க இரும்புத் தகட்டில் பெயின்ட் பொரிந்து, அடியில் துரு உப்பிக்கொண்டு நின்றது. அங்கிள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை லைனிங்குக்கும் (உரசித் தேயும் பகுதி) தகட்டுக்கும் நடுவில் வைத்து லேசாகத்தான் நெம்பினார். ஒரு மூலை அப்படியே பெயர்ந்து வந்தது. “இத யாரும்மா மாட்டுனது?” என்று கேட்டார். கடலோரக் காற்றில் ஓடிய வண்டிகளில் இது அடிக்கடி நடக்குமாம். தகட்டில் துரு ஏற ஏற, அது லைனிங்கை உள்ளிருந்து தள்ளித் தூக்கிவிடும். தடிமன் பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து பேட் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

பேட் வாங்கக் கிளம்பும் முன் அங்கிள் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் உதவியது: பெட்டியின் படத்தைப் பார்க்காதே, பேடின் முதுகைப் படி. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எந்த நாடு அனுமதி கொடுத்தது என்பதற்கான எண் அது. 1 என்றால் ஜெர்மனி, 11 பிரிட்டன், 47 நம் தென்னாப்பிரிக்கா. அதற்குப் பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண் இருந்தால் அந்த பேட் ஐ.நா.வின் ஆர்90 விதிப்படி சோதிக்கப்பட்டது. அந்த விதி என்ன கேட்கிறது என்று தெரிந்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. வண்டியோடு வந்த பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. லைனிங் தகட்டை விட்டுப் பிரியாமல் சதுர சென்டிமீட்டருக்கு 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ பாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பழைய பேட் ஸ்க்ரூ டிரைவருக்கே பெயர்ந்தது. பெட்டியும் சீல் உடையாமல் வர வேண்டும்.

சில பேடுகளின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சடித்திருப்பார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. பாரம் இழுக்கிறவர்கள் இரண்டாவது எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். எஃப்ஈ என்றிருந்தால் சூட்டில் இறங்கிவிடும் என்று பொருள். இது பேடின் ஆயுளையோ தரத்தையோ சொல்லாது, உராய்வை மட்டுமே சொல்லும்.

கடைக்கு வருவோம். ரெய்ஸ்தோர்ப்பில் சோட்டா மோட்டாலா ரோட்டின் மேலேயே இருக்கும் ஒரு ஸ்பேர்ஸ் கடை. கவுன்டரில் இருந்தவர் பெரியவர், வீட்டுத் தமிழ் பேசுவார். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் இருக்கின்றன. ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பேட் கவ்விப் பிடிக்கும் பிரேக் டிஸ்க்கும் பேடும் மாறும், பெயரை மட்டும் சொல்லி வாங்காதே என்றார். கழற்றிய பேடைப் புதிய பேடின் மேல் வைத்து, பின் போகும் ஓட்டை, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது, தகட்டின் வளைவு எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பில் போட்டார். அந்த ஐந்து நிமிஷப் பொறுமைக்காகவே நான் மறுபடியும் அந்தக் கடைக்குத்தான் போவேன்.

அவர் முன்னால் எடுத்து வைத்தவை பல வகை. ஏஜென்ட்ஸில், அதாவது டொயோட்டா ஷோரூமில், கிடைக்கும் ஒரிஜினல் டொயோட்டா பேட் நல்லதுதான், ஆனால் எங்களுக்குச் சொன்ன விலை சாதாரண பைரேட் பார்ட்ஸ் (வெளிக் கம்பெனி பார்ட்ஸுக்கு இங்கே அதுதான் பெயர்) விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் அதையே வாங்கலாம். இந்த வயசு வண்டிக்கு ஆர்90 முத்திரை போதும் என்பது என் தீர்ப்பு. பைரேட் பார்ட்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம், அது நியாயமில்லை. பெயர் போன கம்பெனி பேடும், பெயரே இல்லாத பேடும் இந்த ஊரில் ஒரே பட்டத்தில்தான் அழைக்கப்படுகின்றன.

செராமிக் பேட் சத்தம் போடாது, ரிம்மில் கரி படியாது, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆர்கானிக் வகை விலை குறைவு, மெத்தென்று பிடிக்கும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். உலோகம் கலந்த வகை சூட்டைத் தாங்கும், சூட்டை வெளியே கடத்தியும் விடும். பதிலுக்குக் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் கரி. பிரிட்டனின் இபிசி கம்பெனி எஸ்யூவிகளுக்கென்றே க்ரீன்ஸ்டஃப் 6000 என்று அராமிட் என்ற செயற்கை நார் கலந்த பேட் விற்கிறது. அதற்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். எங்களுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.

ஃபெரோடோ கையில் இருந்தது. முதுகில் 90ஆர் எண் தெளிவாக இருந்தது, பெட்டி சீல் உடையவில்லை, விலையும் ஆயிரம் ராண்டுக்குள் முடிந்தது. 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தொடங்கிய கம்பெனி அது. சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளுக்கு பிரேக் கட்டை செய்ததில் ஆரம்பித்தது என்று பெரியவர் சொன்னார். மேட்டில் குடியிருக்கும் எனக்கு அது கேட்கவே பிடித்திருந்தது.

பேட் பாதி, மாட்டும் கை பாதி. பழைய வண்டியில் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேடும் வீண். அங்கிள் முதலில் டிஸ்க்கை அளந்தார். எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஸ்கிம் செய்த (மேல்பரப்பைச் சீவிச் சமப்படுத்திய) பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்குமா என்று கணக்குப் பார்த்துத்தான் ஸ்கிம்மிங்குக்கு அனுப்பினார். நிற்காது என்றால் புது டிஸ்க்தான், பேரமே கிடையாது. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரில் நான்கு பிஸ்டன். இடது பக்கத்தில் ஒன்று தூசியோடு இறுகிப் பாதியில் நின்றிருந்தது. அதைச் சுத்தம் செய்து, நான்கும் கை அழுத்தத்தில் உள்ளே போய் வரும்வரை விடவில்லை. துருப்பிடித்த பின்னையும் ஸ்பிரிங்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ஃபிட்டிங் கிட் போட்டார். அந்த கிட் மிகவும் மலிவு, ஆனால் பலர் வாங்குவதில்லை. பேட் கீச்சிடுகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் அந்தத் துருப்பிடித்த ஸ்பிரிங்தான் என்றார். பேடின் காதில் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத்தான் தொட்டு வைத்தார். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி டிஸ்க்கில் வழியும்.

பிரேக் தூசியைக் காற்று அடித்து ஊத அவர் விடமாட்டார். திரவம் தெளித்துத் துணியால் துடைப்பார். அவர் வேலை கற்ற காலத்தில் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நார்தர்ன் கேப் பகுதியில் அதைத் தோண்டியெடுத்த சுரங்க ஊர்களின் நிலைமை இந்த நாட்டுக்குத் தெரியும். 2008இல்தான் தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது. இன்றைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடாது. ஆனாலும் எந்தத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை, வீட்டில் தாங்களே பேட் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து ஊத வேண்டாம்.

பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டோம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அங்கிள் டாட் 4 ஊற்றினார். டர்பன் பக்கத்துப் புழுக்கத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். பின் சக்கரத்தில் இந்த ஃபார்ச்சூனருக்கு டிரம் பிரேக். டிரம்முக்குள் உரசும் ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால் முன் பேடே எல்லா வேலையையும் இழுக்கும். ஹேண்ட்பிரேக் வழக்கத்தைவிட மேலே ஏறி வந்தால் அதைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை அமுக்கி இறுக வைக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதிப்பில் பிரேக் இருக்காது. அப்புறம் பேடைப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத கிரேடவுன் ரோட்டில் ஆல்பர்ட் ஃபால்ஸ் பக்கம் போனோம். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மிதமாகப் பிடித்து இறக்கி, விட்டு, ஆற வைத்து, மறுபடியும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. சூடாக இருக்கும்போது வண்டியை முழுக்க நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது. முதலில் மெழுகு தடவியது போல் வழுக்கிய பேட், திரும்பி வரும்போது நன்றாகவே கவ்வ ஆரம்பித்துவிட்டது.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், எனக்கு மிகவும் பிடித்தது அது பிடிக்கும் விதம். மிதித்த உடனே வெடுக்கென்று கவ்வாது. மிதிக்க மிதிக்க அதற்குத் தகுந்த அளவு பிடிக்கும். பருப்பு அண்டா ஏற்றிப் போகிறவளுக்கு இது பெரிய விஷயம். வெடுக்கென்று பிடிக்கும் பேட் என்றால் மூடியை எத்தனை கயிறு போட்டுக் கட்டினாலும் பருப்பு தளும்பி சீட் வரை வரும். கீ ரிட்ஜ் சரிவில் முழுப் பாரத்தோடு இறங்கி அடிவாரத்தில் மிதித்துப் பார்த்தேன், மேலே இருந்த அதே பிடிப்பு கீழேயும் இருந்தது. வாடையும் இல்லை. எங்கள் ஊருக்கு மேலே ஹில்டனில் மூடுபனி இறங்கியிருக்கும்போது டவுன் ஹில் சரிவில் லாரிகளுக்கு நடுவே வரும் பயமும் எனக்கு இப்போது பாதிதான். கியரை இன்னும் மூன்றில் வைத்துத்தான் இறங்குகிறேன், நல்ல பேட் வந்துவிட்டது என்பதற்காக அதை விடவில்லை.

ரிம்மில் கரி படிகிறது. உலோகம் கலந்த எந்த பேடுக்கும் அது உண்டு. வாராவாரம் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். மழை பெய்த மறுநாள் காலை முதல் இரண்டு மிதிப்பில் டிஸ்க்கில் படிந்த துரு உரசும் சத்தம் கேட்கும், தெருமுனைக்குள் நின்றுவிடும். தேய்மானம் இதுவரை இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறது. லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அங்கிள். பங்குனியில் கோயில் வேலைகள் நெருக்கும், புனித வெள்ளிக்கு இங்கே மாரியம்மன் கோயிலில் தீமிதி. அதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றி இன்னொரு முறை அளந்துவிடுவோம்.

வாங்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோக வேண்டியவை: லைசென்ஸ் டிஸ்க்கின் போட்டோ, கழற்றிய பழைய பேட் ஒன்று. அச்சுக்கு ஒரு முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ட்ரெயிலர் இழுக்காத, மலை இறங்காத வண்டி என்றால் 90ஆர் எண் உள்ள செராமிக் பேடாகக் கேளுங்கள். முதுகில் எண்ணே இல்லாத பேட் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் கவுன்டரிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.